டேப்லட்டில் வரையும்போது கை ஒட்டுகிறதா? முழுமையான வழிகாட்டி

சனி, ஞாயிறுகளில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணினியில் படம் வரையப் பழக்குகிறேன். புதிதாக வருபவர்கள் மென்பொருளைப் பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று நானும் காத்திருப்பேன். அரை மணி நேரத்தில் வரும் முதல் முறைப்பாடு வேறு: "அக்கா, கை இழுக்குது."

அதற்குள் சிலர் இணையத்தில் கையுறை வாங்கி வந்திருப்பார்கள். அதைப் போட்ட பிறகும் கை இழுக்கும். பொருளில் குறையில்லை, போட்ட நேரம்தான் பிழை. வியர்த்த கையில், எண்ணெய் படிந்த டேப்லட் பலகையில், பேனாவை அமுக்கிப் பிடித்தபடி போட்டால் எந்த உறையும் வழுக்காது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஐந்து நிமிடம் வரைந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு சிறிய பருத்தித் துண்டுகள், மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணி ஒன்று, வெள்ளை ஏ4 தாள் நாலைந்து, சாதாரண சோப்பு, ஒரு மேசை ஃபேன். இவ்வளவும் வீட்டில் இருக்கும்.

டேப்லட்டோடு வந்த, பேனா நுனியில் மாட்டும் மாற்று நிப்புகளையும், நிப்பைக் கழற்றும் சிறு வளையத்தையும் இப்போதே தேடி எடுங்கள். சில பேனா தாங்கிகளைத் திருகித் திறந்தால் உள்ளே நிப்புகள் இருக்கும். அது தெரியாமல் வருடக்கணக்கில் ஒரே நிப்போடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையுறை இப்போதைக்கு வேண்டாம்.

2. ஒட்டுவது எது?

"இழுக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க இரண்டு நிமிடம் போதும்.

பேனாவைக் கீழே வையுங்கள். வரைவதுபோலக் கையைப் பலகையில் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். சற்று நின்று, அப்புறம் திடீரென்று வழுக்கி, மறுபடி நின்று போனால் ஒட்டுவது உங்கள் தோல். 3 முதல் 7 வரை உங்களுக்கானவை.

அடுத்து, கையைத் தூக்கிக்கொண்டு பேனா நுனியால் மட்டும் வட்டம் போடுங்கள். எங்கு போட்டாலும் சுரண்டினால் நிப்பில் கோளாறு, நேராக 9க்குப் போங்கள். ஒரே இடத்தில் மட்டும் சுரண்டினால் அந்த இடத்தில் பலகையில் கீறல் விழுந்திருக்கிறது.

இரண்டும் நன்றாக ஓடியும் திரையில் கோடு பின்தங்கி வந்தால் கையில் பிழையில்லை. விண்டோஸில் பேனாவை ஓரிடத்தில் ஊன்றி வைத்தால் சிறு வளையம் தோன்றி, அதற்குப் பிறகே கோடு தொடங்குவது உண்டு. அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும் வசதி அது. பேனா அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். இதைக் கை ஒட்டுவது என்று நினைத்து ஒரு மாதம் கையைக் கழுவிக் கழுவி வரைந்த மாணவன் ஒருவன் என்னிடம் இருந்தான்.

3. கையைக் கழுவி, முழுக்க உலர விடுங்கள்

தோல் நன்றாக உலர்ந்திருந்தால் வழுக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் ஓரளவு வழுக்கும். இரண்டுக்கும் நடுவில், லேசாக ஈரம் கசிந்திருக்கும் நிலையில்தான் மிகக் கூடுதலாக ஒட்டும். ஈரம் ஏறிய தோல் மென்மையாகி, பலகையின் மேடு பள்ளங்களில் நன்கு படிந்துகொள்கிறது. தொடும் பரப்புக் கூடக் கூட இழுவையும் கூடும். மட்டக்களப்பில் மத்தியானத்தில் நம் எல்லோருடைய கையும் இருப்பது இந்த நடு நிலையில்தான்.

சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுண்டுவிரலின் வெளிப்பக்கம், அதிலிருந்து மணிக்கட்டு வரை போகும் கையின் ஓரம், இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பலரும் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு வருவார்கள், பலகையில் படுவதோ ஓரம். கழுவியதும் துடைத்துவிட்டு, ஃபேனுக்கு முன் இரண்டு நிமிடம் கையை விரித்துப் பிடியுங்கள். துடைத்த கை உலர்ந்த கை இல்லை.

தலைக்கு எண்ணெய் வைத்த கை, மீன்குழம்பு சாப்பிட்ட கை, கிரீம் பூசிய கை எல்லாம் தண்ணீரில் மட்டும் கழுவினால் போகாது. கை சுத்திகரிப்பான் பூசினால் உடனே உலர்ந்ததுபோலத் தெரியும். ஆனால் அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், சற்று நேரத்தில் பிசுபிசுக்கும்.

பவுடர் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கரம்போட் ஆடும்போது விரலுக்குப் போட்டுப் பழகிய கை அல்லவா. முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடும், மறுக்கவில்லை. அப்புறம் வியர்வையோடு கலந்து பசையாகி, பலகையின் நுண்ணிய சொரசொரப்பை அடைத்துவிடும். பேனா நுனி உள்ளே போகும் துவாரத்திலும் இறங்கும். நிப்பு அங்கே நுண்ணிய அளவில் அசைந்துதான் அழுத்தத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் தூசு போனால் பேனாவே சொல்வழி கேளாது. வேண்டாம்.

4. காற்றும் மேசையும்

ஃபேன் முகத்துக்கு வீசுவதுதான் வழக்கம். அதைத் தாழ்த்தி, கைக்கும் பலகைக்கும் படும்படி பக்கவாட்டில் வையுங்கள். வலக்கைக்காரர் என்றால் வலப்பக்கம். வியர்வை சேர்வதற்கு முன் உலர்ந்துவிட வேண்டும், அதற்குத்தான் இது.

பருவத்துக்குப் பருவம் இந்தப் பிரச்சினை வேறு முகம் காட்டும். கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வியர்வை சீக்கிரம் காய்ந்து போகும். ஆனால் புழுதியையும் அந்தக் காற்றே கொண்டுவந்து பலகையில் தூவும். நிப்புக்கடியில் மாட்டும் புழுதி அரத்தூள் மாதிரி. மாரியில் புழுதி இல்லை. அப்போது தாளும் துணியும் உறையும் எதுவுமே காயாது, வாவிப் பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். கச்சானில் துடைப்பது கூட வேண்டும், மாரியில் மாற்று உறை இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேசையை யாரும் சந்தேகிப்பதில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதி கண்ணாடி மேசையிலோ பளபளப்பான பலகை மேசையிலோ ஒட்டிக்கொண்டால், மேலே கை எவ்வளவு வழுக்கினாலும் கோடு துள்ளும். பழைய பருத்திச் சாரம் ஒன்றை மடித்து அந்த இடத்தில் விரியுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது மருதமுனைக் கைத்தறிச் சாரம். பல வருடம் துவைத்து மெலிந்ததால் வியர்வையையும் குடிக்கும், கையோடு சேர்ந்து நகரவும் செய்யும். புதுத் துவாலை தடிப்பாக இருக்கும், கையைப் பலகை மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும்.

மேசை விளிம்பு முழங்கையில் வெட்டாமல் பாருங்கள். அங்கே நரம்பு அமுங்கினால் சுண்டுவிரல் விறைக்கும். நாட்கணக்கில் விறைப்புப் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது உராய்வுப் பிரச்சினை இல்லை.

5. பலகையைத் துடைத்தல்

முதலில் உலர்ந்த மென்துணியால் புழுதியைத் தட்டிவிடுங்கள். தேய்க்காதீர்கள். புழுதியோடு தேய்த்தால் நீங்களே கீறல் போட்டதாகும். அதன்பிறகு துணியின் ஒரு மூலையை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு துளி சோப்பு. கடைசியில் உலர்ந்த மூலையால் ஒருமுறை.

தின்னர், நகப்பூச்சு நீக்கி, தரை கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். பலகையின் சொரசொரப்பு மேலே ஏற்றிய மெல்லிய பூச்சாகவோ படலமாகவோ இருக்கும். அது கரைந்து மினுங்கத் தொடங்கினால் அந்த இடத்தில் என்றைக்கும் கை ஒட்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வரைந்து மழமழப்பாகிப்போன பலகைகளும் இதே குணம்தான் காட்டும். அப்படிப்பட்டதற்கு அடுத்த படி நல்ல மருந்து.

6. கைக்கு அடியில் ஒரு தாள்

கையெழுத்துக் கொப்பியில் மை கலையாமல் இருக்கக் கைக்கு அடியில் தாள் வைத்த பழக்கம் இருக்கும். அதேதான் இங்கேயும். ஏ4 தாளை நான்காக மடித்து, கையின் ஓரம் படும் இடத்தில் வையுங்கள். கை தாளில் ஒட்டட்டும், பரவாயில்லை. தாள் பலகையில் வழுக்கும். வியர்வையையும் அது குடித்துக்கொள்ளும். ஈரம் தெரிந்ததும் மறுபக்கம் மடியுங்கள்.

இன்னொரு வழி, திரையில்லாத டேப்லட்டுக்கு மட்டும்: முழுத் தாளையும் பலகையின்மேல் விரித்து ஓரங்களில் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு அதன்மேலேயே வரையலாம். பலகை பேனாவை உணர்வது மின்காந்தத்தால். நுனி பலகைக்குச் சில மில்லிமீற்றர் மேலே இருக்கும்போதே அதற்குத் தெரியும், ஒரு தாள் தடையே இல்லை. தாளில் வரையும் உணர்வும் கிடைக்கும். விலை ஒன்று உண்டு: பிளாஸ்டிக் நிப்பைத் தாள் வேகமாகத் தேய்க்கும். நான் இதை மழமழப்பாகிப்போன பழைய பலகைகளுக்கு மட்டும் செய்கிறேன்.

திரையுள்ளவற்றுக்கு மினுக்கமில்லாத படலம் ஒட்டலாம். கண்ணாடியில் தோல் தட்டையாகப் படிந்து ஒட்டும், சொரசொரப்பில் அங்கங்கே மட்டும் தொடும், அதனால் வழுக்கும். ஆனால் படம் சற்று மணல் தூவியதுபோலத் தெரியும், நிப்பும் சீக்கிரம் தேயும். திருமண அட்டை, பதாகை என்று நிறம் துல்லியமாகப் பார்க்க வேண்டிய வேலை செய்பவர்கள் ஒட்டுமுன் யோசியுங்கள். நான் ஒட்டி, இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

7. கையுறை: வாங்குவதைவிடத் தைப்பது நல்லது

இதுவரை சொன்னதைச் செய்தும் ஒட்டினால் இப்போது உறை. சுண்டுவிரல், மோதிரவிரல், கையின் ஓரம் ஆகியவற்றை மூடி, மற்ற மூன்று விரலையும் வெளியே விடும் உறை அது. பேனா பிடிக்கும் விரல்களில் துணி இருந்தால் பிடி வழுக்கும், அதனால்தான் மூன்றும் திறந்திருக்கின்றன. கடையில் கிடைப்பவை ஓரிரு அளவில்தான் வரும். பத்து வயதுப் பிள்ளையின் கைக்குத் தொளதொளவென்று இருக்கும். தொய்ந்த துணி கைக்கடியில் மடிந்து, வெறுங்கையைவிட மோசமாக இழுக்கும்.

பழைய லெகிங்ஸின் கீழ்க்கால் பகுதி போதும். நைலோனும் லைக்ராவும் கலந்த வழுவழுப்பான துணியாக இருக்க வேண்டும். விளையாட்டு சொக்ஸ் எடுக்காதீர்கள், அதன் பருத்தி ஈரம் குடித்துக் கனத்துவிடும்.

துணியை மினுக்கமான பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடியுங்கள். இழுபடும் திசை கைக்குக் குறுக்காக இருக்கட்டும். இப்போது முக்கியமான இடம்: சுண்டுவிரலின் வெளி ஓரம் மடிப்பின்மேல் சரியாகப் படும்படி கையை வையுங்கள். அப்படி வைத்தால் அந்த ஓரத்தில் தையல் வராது. பிள்ளைகள் தைத்து வந்த முதல் உறைகள் எல்லாவற்றிலும் தையல் சரியாக அங்கேதான் ஓடியிருந்தது. கை வழுக்க வேண்டிய இடத்தில் ஒரு வரப்பு. ஒவ்வொரு கோட்டிலும் தட்டும்.

கையைச் சுற்றி சோக்கால் வரையுங்கள். மணிக்கட்டுக்கு மூன்று சென்றிமீற்றர் கீழே தொடங்கி, பெருவிரல் பக்கமாக நேரே மேலே போய், ஆட்காட்டி விரலின் அடியில் நில்லுங்கள். அங்கிருந்து குறுக்காக நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடைப்பட்ட சந்துக்கு. சந்திலிருந்து மோதிரவிரலின் பக்கமாக ஏறி, இரண்டு விரல் நுனிகளையும் வளைத்து மடிப்பில் முடியுங்கள். இரண்டு விரலுக்கும் ஒரே பை போதும், தனித்தனியாகத் தைப்பது வீண் வேலை.

துணி இழுபடும் என்பதால் வெட்டும்போது தையலுக்கென்று நிறைய இடம் விடாதீர்கள், அரை சென்றிமீற்றர் போதும். பெருவிரல் பக்கம் தைக்கும்போது பெருவிரல் வெளியே வர நான்கு சென்றிமீற்றர் திறந்து விடுங்கள். குறுக்குக் கோட்டைத் தைக்கவே வேண்டாம், நடுவிரலும் ஆட்காட்டி விரலும் அதன் வழியாகத்தான் வெளியே வரும். சந்தில் மட்டும் நாலைந்து தையல் கூடப் போடுங்கள், கிழிவது எப்போதும் அங்கேதான். மெஷினில் தைத்தால் வளைந்து வளைந்து போகும் தையல். நேர்த்தையல் போட்டால் முதல் தடவை கை நுழைக்கும்போதே நூல் அறும்.

திருப்பிப் போட்டால் மினுக்கம் வெளியே வரும். இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைப் பிள்ளைக்கும் இதே உறை பொருந்தும்.

உலர்ந்த கையில்தான் போட வேண்டும். ஈரக் கையில் போட்டால் உள்ளே அவியும், அரை மணியில் கழற்றி எறிவீர்கள். இரண்டு தைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், அன்றாடம் சோப்பில் அலசிக் காயப் போடுங்கள். வாசனைக்கென்று துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் துணியில் படலம் ஏறும், வழுக்கல் மாறிவிடும்.

8. தொடுதிரையில் வரைபவர்களுக்கு

திரையில்லாத சாதாரண பேனா டேப்லட் பலவற்றில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது, பலகைக்குப் பேனாவை மட்டும்தான் தெரியும். தொடு வசதி உள்ள மாதிரியாக இருந்தால் வரையும்போது அதை அணைத்து வையுங்கள்.

ஐபேட், ஆண்ட்ரொய்ட் போன்றவற்றில் உறை போட்டால் கை பதியாது என்று நம்புகிறார்கள். ஒற்றை லைக்ராத் துணிக்கு ஊடாகவும் திரை தோலை உணரக்கூடும். முதலில் வரையும் செயலியின் அமைப்பில் பேனா மட்டும் வரையட்டும் என்ற தெரிவை இயக்குங்கள். உறை வழுக்கலுக்கு, அமைப்பு தப்புக் கோட்டுக்கு. இரண்டும் வேறு வேலை.

ரப்பர் நுனி வைத்த மலிவுப் பேனாவுக்கு இந்தத் தெரிவு உதவாது. அதைத் திரை விரல் என்றே நினைக்கும். அதில் வரைபவர்கள் கையின் ஓரம் படும் இடத்தில் துணியை மூன்று நான்கு மடிப்பாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

9. நிப்பு

நிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நுனி உருண்டையாக இருந்தால் நல்லது. பேனா சாய்ந்த பக்கம் சீவியதுபோலத் தட்டையாகி, அதற்கு ஒரு கூர் விளிம்பும் வந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அந்த விளிம்பு உளிபோலப் பலகையைக் கீறும். புது நிப்பு மலிவு, புதுப் பலகை அப்படியில்லை.

இடைக்கிடை பேனாவைக் கையில் சற்றுத் திருப்பிப் பிடித்தால் நிப்பு எல்லாப் பக்கமும் ஒரேயளவாகத் தேயும். ஃபெல்ட் எனப்படும் நார் நிப்புகள் தாள்போல உணர்வு தரும், ஆனால் இழுவையும் கூடும், சீக்கிரம் தேயும். உராய்வைக் குறைக்க இதைப் படிப்பவர்களுக்கு அவை வேண்டாம்.

10. அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்புகள்

உராய்வு கூடுவதற்கு எளிய காரணம் அமுக்குவது. பென்சிலில் அமுக்கினால் கறுக்கும் என்ற பழக்கத்தில் பிள்ளைகள் பேனாவை அமுக்குவார்கள். அதோடு முழுக் கையும் பலகையில் அமுங்கும்.

பேனாவின் அழுத்த அமைப்பை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். லேசாகத் தொட்டாலே தடித்த கோடு வந்தால் கை தானாகத் தளரும். கிரீட்டா என்னும் வரையும் மென்பொருளில் டேப்லட் அமைப்புக்குள் அழுத்த வளைவு இருக்கிறது. அதன் நடுவைப் பிடித்து மேல் இடப்பக்கம் இழுத்தால் மென்மையாகும். கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக இழுத்தால் எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் வந்து நிற்கும்.

கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைக் கை ஒட்டுவதற்கு மருந்தாக வைக்காதீர்கள். கை துள்ளுவதை அது மறைக்கும், கோடும் தாமதித்து வரும். தாமதத்தைப் பார்த்ததும் கை இன்னும் அமுக்கும்.

11. கை நகரும் விதம்

சிறிய டேப்லட்டுகளின் வரையும் பரப்பு ஏறத்தாழ 15க்கு 9.5 சென்றிமீற்றர். அதில் மணிக்கட்டை ஊன்றி விரல்களால் வரைந்தாலே போதும்போலத் தோன்றும். நடுத்தர அளவான 21.6க்கு 13.5இல் அப்படி வரைந்தால் மணிக்கட்டு எட்டாத இடத்தில் கையை இழுக்க வேண்டிவரும். ஊன்றிய கையை இழுப்பதுதான் ஒட்டும் கை.

சிறு விவரத்துக்கு, அதாவது கண், விரல், எழுத்துக்கு, கையை ஊன்றுங்கள். வரைந்து முடித்ததும் தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள், இழுக்க வேண்டாம். நீண்ட கோட்டுக்கு மணிக்கட்டைப் பூட்டி, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரையுங்கள். அப்போது பலகையில் படுவது சுண்டுவிரலின் நகப்பக்கம் மட்டும். நகம் வியர்க்காது, அதனால் ஒட்டாது. கையை முழுதாக அந்தரத்தில் வைத்துப் பழகச் சொல்பவர்கள் உண்டு. பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும், கோடும் நடுங்கும்.

கை கோணலாகப் போக வேண்டிய கோடு வந்தால் கையை முறுக்காமல் படத்தைத் திருப்புங்கள். கிரீட்டாவில் 4ஐ அழுத்தினால் ஒரு பக்கம், 6ஐ அழுத்தினால் மறுபக்கம் திரும்பும், 5 பழையபடி நேராக்கும். இடக்கை அந்த மூன்று விசையில் இருந்தால் வலக்கை எப்போதும் தனக்கு வசதியான திசையிலேயே இழுக்கும்.

பழக, கல்லடிப் பாலத்தை வரையச் சொல்வேன். நீளமான கிடைக்கோடுகளுக்குத் தோள், கம்பிகளின் குறுக்குச் சட்டங்களுக்கு மணிக்கட்டு, இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடும். உறை இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை வரையுங்கள். இரண்டு படத்திலும் கிடைக்கோடுகள் ஒரேமாதிரி வந்தால் உறையைக் கச்சான் முடியும்வரை லாச்சிக்குள் போட்டு வைக்கலாம்.